சத்தம் என்று ஒதுக்கிவிட்டால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில், வாசகர் பகுதியில், நம் பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து ஓர் ஐயா எழுதிய கடிதத்தைப் படித்தேன். ராக் இசை எழுபதுகளோடு முடிந்துவிட்டது, இப்போது வருவதெல்லாம் பாடத் தெரியாத பிள்ளைகள் போடும் சத்தம் என்பது அவர் கட்சி. எதைக் கேட்டுவிட்டு அப்படி முடிவு கட்டினார் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. நான் பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாசுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வருகிறவன், பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்றால் ஓர் ஆல்பமே முழுதாக ஓடி முடிந்துவிடும், அதனால் கேட்பதற்கு எனக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. கேட்டதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கீஸ். நியூயார்க், புரூக்ளினைச் சேர்ந்த குழு, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள், இப்போதும் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருக்கிறார்கள். இவர்களுடைய 'கெட்டிங் கில்ட்' ஆல்பம் 2025 செப்டம்பரில் வந்தது. தயாரித்த கென்னத் புளூம் ராப் இசை உலகத்து ஆள், அதனால்தானோ என்னவோ இதில் கிட்டாரைவிட டிரம்ஸும் பேஸ் கிட்டாரும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. முதல் பாட்டு 'டிரினிடாட்'. நொண்டிக்கொண்டே போகிற ஒரு தாளம், அதன் மேல் பாடகர் கேமரன் விண்டர் தனக்குள்ளேயே முனகிக்கொண்டிருக்கிறார், திடீரென்று காரில் குண்டு இருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்துகிறார், மொத்தக் குழுவும் சேர்ந்து இடிந்து விழுகிறது, மறுபடி முனகல். ஐயா சொன்ன சத்தம் இதுதான் என்றால் சத்தம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆல்பத்தில் 'டாக்சஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. பாதி வரைக்கும் டிரம்ஸும் குரலும்தான் பெரும்பாலும், கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும், அப்புறம் ஒரே நொடியில் கிட்டார்கள் திறந்துகொண்டு வரும் பாருங்கள், அந்த இடத்தைக் கேட்கும்போது பஸ்ஸில் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிச் சொல்லலாமா என்று தோன்றும். அந்த முன்பாதியில் அவ்வளவு அடக்கி வைக்காமல் இருந்திருந்தால் பின்பாதி சாதாரணப் பாட்டாகப் போயிருக்கும்.

விண்டருடைய குரலைப் பற்றித்தான் எல்லாருக்கும் சண்டை. சுருதியை விட்டு விலகும், இழுக்கும், உடையும், சில இடங்களில் சொற்களே பிடிபடாது. நம் காது எஸ்.பி.பி.யிலும் ஜேசுதாஸிலும் வளர்ந்த காது, குரல் என்றால் பிசிறில்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் எல்லா இசையும் அந்தக் கணக்கில் வராது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் உறுமி மேளம் நெஞ்செலும்பு அதிர முழங்கும்போது, இது சத்தம் என்று சொல்லி யாராவது பத்திரிகைக்கு எழுதுகிறார்களா? (சரி, சிலர் எழுதுகிறார்கள்தான்.) அங்கே நிற்கிற நம் பிள்ளைகளின் உடம்புக்கு அந்த அடி என்னவென்று தெரியும். கீஸ் குழுவின் டிரம்ஸைக் கேட்க அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதைவிட நான் அதிகம் கேட்டது வெட்னஸ்டே குழுவின் 'பிளீட்ஸ்', அதுவும் 2025 செப்டம்பர்தான். அமெரிக்காவின் வட கரோலினாக்காரர்கள். காதைக் கிழிக்கும் கிட்டாரும், அமெரிக்க 'கன்ட்ரி' பாடல்களில் வழுக்கி வழுக்கி அழுகிற ஸ்டீல் கிட்டாரும் ஒரே பாட்டில் வருகின்றன, எழுதிப் பார்த்தால் ஒட்டாது போலத்தான் இருக்கும், கேட்டால் ஒட்டுகிறது. பாடல்களை எழுதிப் பாடுகிற கார்லி ஹார்ட்ஸ்மன் சிறுநகரத்துக் கதைகளாகச் சொல்கிறார், யார் யாரோடு போனார்கள், எந்த வீட்டில் என்ன நடந்தது என்று, எனக்கென்னவோ கெடாவில் என் அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்ட பேச்சாகவே இருக்கிறது. அவரும் கிட்டார் வாசிக்கும் எம்.ஜே. லெண்டர்மனும் காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள், பிரிந்த பிறகும் லெண்டர்மன் இந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். தெரிந்துகொண்டு கேட்டால் 'எல்டர்பெரி வைன்' இன்னும் கொஞ்சம் கனக்கிறது. 'வாஸ்ப்' ஒன்றரை நிமிடம்கூட இருக்காது, முழுக்க அலறல், அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று ஐயாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளோடு முடிந்தது என்கிறாரே, அந்த எழுபதுகளின் ஆட்களே இன்னும் நிறுத்தவில்லை. தி கியூர் குழுவின் முதல் ஆல்பம் 1979இல் வந்தது. 2024 நவம்பரில், 16 வருட இடைவெளிக்குப் பிறகு, 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' என்று எட்டே பாடல்களோடு வந்தார்கள். 'அலோன்' பாட்டில் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சினிமாப் பாட்டு என்றால் அதற்குள் இரண்டு சரணம் முடிந்து கதாநாயகன் உடை மாற்றியிருப்பார். தன் அண்ணன் இறந்ததைப் பற்றியும் ஒரு பாட்டு இருக்கிறது, துக்கத்தைப் பெரிதாகக் காட்டாமல் பாடுகிறார். அப்புறம் பல்ப், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் குழு, 24 வருடத்துக்குப் பிறகு 2025 ஜூனில் 'மோர்' வெளியிட்டார்கள், 2023இல் மறைந்த பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மேக்கிக்கு அதைச் சமர்ப்பித்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய பாடகர் ஜார்விஸ் காக்கர் இளமை வேஷம் போடாமல் பாடுவது எனக்குப் பிடித்தது, கடைசிப் பாடல்கள் மட்டும் கொஞ்சம் தொய்வு.

எல்லாவற்றையும் புகழ்வதற்காக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் வுல்ஃப் ஆலிஸ் குழுவின் 'தி கிளியரிங்' எனக்கு ஏமாற்றம். பாடகி அடெலுக்குத் தயாரித்துக் கொடுத்த கிரெக் கர்ஸ்டினோடு போய்ச் செய்திருக்கிறார்கள், எல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரி, பாடகி எலி ரோசெல் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் எங்கேயும் ஓர் ஆபத்து இல்லை. வேடிக்கை என்னவென்றால் எழுபதுகளின் சாயலில் செய்த ஆல்பம் அது, ஐயாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை, ஆசிரியர் அவர்களே. ஒவ்வொரு ஞாயிறும் கலைப் பக்கம் முழுக்கக் கோடம்பாக்கம்தான். படத்தின் பாடல் வெளியீட்டுக்கு அரைப் பக்கம், நடிகரின் உணவுப் பழக்கத்துக்குக் கால் பக்கம். படம் இல்லாமல், பாட்டுக்காகவே வருகிற ஆல்பத்துக்கு இடமே கிடையாது. நம் ஊர் ஆறுமுகம் சகோதரர்கள், லோகநாதனும் டேவிட்டும், இதே பினாங்கிலிருந்து அலிகேட்ஸ் என்று குழு வைத்து நாடு முழுக்க மலாய்ப் பாட்டால் கட்டிப்போட்டவர்கள், அவர்களும் எந்தப் படத்துக்கும் காத்திருக்கவில்லை. சென்னையில் 2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் ராக் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில் தமிழில் நின்றன, அதைப் பற்றி இங்கே நம் பக்கங்களில் எவ்வளவு படித்தோம்? நேரில் போய்க் கேட்கலாம் என்றால் கச்சேரிகள் கோலாலம்பூரோடு நின்றுவிடுகின்றன, 2023இல் ஒரு பாடகர் மேடையில் நடந்துகொண்ட விதத்தால் குட் வைப்ஸ் இசை விழாவையே பாதியில் நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு வெளிநாட்டுக் குழு என்றாலே ஏற்பாட்டாளர்களுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். இசைத்தட்டு வாங்கலாம் என்றால் ஒன்றுக்கே நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகிறது. ஆக, எதைக் கேட்கலாம் எதை விடலாம் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் நல்லதுதானே.

அரைப் பக்கம் கேட்கவில்லை, கலைப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் போதும். எழுத ஆள் இல்லையென்றால் எங்கள் பஸ்ஸிலேயே இரண்டு பேர் இருக்கிறோம். இன்னொருவர் மெட்டல் மட்டும்தான் கேட்பார், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த்