நியூட்ரல் அறுந்தால் எரிவது எளிய வீட்டு டிவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது எல்இடி டிவிக்கு ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா என்று வாசகி ஒருவர் கேட்டதற்கு, தேவையில்லை என்று சென்ற இதழில் பதில் சொல்லியிருந்தீர்கள். பதில் சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டதால், கரண்டால் டிவிக்கு இனி ஆபத்தே இல்லை என்று படிப்பவர்கள் எண்ணிவிடக்கூடும். டிவி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், விடுபட்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

படக்குழாய் டிவி காலத்தில் சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தால் படம் நான்கு பக்கமும் சுருங்கும். ஸ்டெபிலைசர் அதற்காகத்தான் வந்தது. இப்போதைய டிவியின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். உள்ளே லைன் கரண்டை டிவிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் எஸ்எம்பிஎஸ் சப்ளை 140 வோல்டிலும் சளைக்காமல் ஓடும். அந்த சப்ளையால் தாங்க முடியாதது ஹை வோல்டேஜ்தான். மழை, காற்றுக் காலத்தில் ஒரே தெருவிலிருந்து நாலைந்து டிவிகள் ஒரே நாளில் கடைக்கு வந்தால், செட்டைத் திறக்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடலாம்: கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மர் பக்கமோ, கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது.

தெருவுக்கு வரும் லைனில் கரண்ட் வரும் கம்பிகளான ஃபேஸ் மூன்று, நியூட்ரல் ஒன்று. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். நியூட்ரல் அறுந்ததும் வேறுவேறு ஃபேஸில் உள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடராகக் கோத்ததுபோல் ஆகி, அந்த 400 வோல்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாக விழாது. ஏசியும் கிரைண்டரும் ஓடும் பக்கம் வோல்டேஜ் இறங்கிவிடும். இரண்டு பல்பும் ஒரு டிவியும் மட்டும் ஓடும் பக்கம் 350, 380 என்று ஏறிவிடும். ஆகவே குறைவாகக் கரண்ட் எடுக்கும் எளிய வீட்டின் மேல்தான் பெரும்பாலும் அடி விழுகிறது. தவணையில் வாங்கி, தவணையே முடியாத டிவியைத் துணியில் சுற்றிக் கொண்டுவருபவர்களிடம் இதை விளக்குவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பின்மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை வரும். ப்யூஸ் கறுத்திருக்கும், பக்கத்தில் காசு மாதிரி வட்டமாக நிற்கும், எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் வேரிஸ்டர் பிளந்திருக்கும். இந்த இரண்டோடு போயிருந்தால் கொஞ்சச் செலவில் சரிசெய்துவிடலாம். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டென்சரின் தலை உப்பியிருந்தால் கதை வேறு. லைனில் வரும் 230 வோல்ட் ஏசி (மாறுதிசை) கரண்ட் உள்ளே டிசியாக (நேர்திசையாக) மாறும்போது சுமார் 325 வோல்ட் நிற்கும். அதற்கென்று 400 அல்லது 450 வோல்ட் கண்டென்சர் போட்டிருப்பார்கள். லைனில் 380 வந்தால் உள்ளே 530 தாண்டும், அந்தக் கண்டென்சர் அதைத் தாங்காது. பல மாடல்களில் பவர் சப்ளையும் டிவியின் மெயின் போர்டும் ஒரே தட்டு என்பதால், முழு போர்டையே மாற்ற வேண்டியதாகிறது.

ஸ்பைக் கார்டு போட்டிருக்கிறோமே என்பார்கள். அது கண்ணிமைக்கும் நேரத்துக்கு வந்துபோகும் எகிறலுக்கு மட்டும் உதவும். நிமிடக்கணக்கில் ஹை வோல்டேஜ் நின்றால் அதற்குள் இருக்கும் வேரிஸ்டரே சூடேறிப் புகைந்துவிடும். ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டித்து ஆளை ஷாக்கிலிருந்து காப்பாற்றும் ஸ்விட்ச். அது கட்டாயம் வேண்டும், ஆனால் இந்த வேலையை அது செய்யாது. இதற்கென்று இருப்பது வீட்டின் மெயின் ஸ்விட்ச் போர்டில் பொருத்தும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப். 270 வோல்ட் போல ஒரு அளவு வைத்துவிட்டால், அதைத் தாண்டியதும் வீட்டுக்கே சப்ளையைத் துண்டித்து, லைன் சீரானபின் தானே சேர்த்துவிடும். புது டிவி விலைக்கு முன் அதன் விலை ஒன்றுமில்லை. உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்துப் பொருத்த வேண்டும்.

அது இல்லாத வீடுகளில் கவனிக்க வேண்டியது ஒன்று. திடீரென்று பல்பு பளீரென்று எரிந்து, ஃபேன் வேகமெடுத்தால் ரிமோட்டைத் தேடாதீர்கள். ரிமோட்டில் அணைத்தாலும் டிவியின் சப்ளை லைனோடு சேர்ந்தேதான் இருக்கிறது. நேராகப் போய் மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். பிறகு 94987 94987 என்ற தமிழ்நாடு மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண்ணுக்குச் சொல்லி, பக்கத்து வீடுகளையும் எச்சரியுங்கள்.

இன்னொன்றைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நியூட்ரல் வரவில்லை என்றதும் எர்த் ஒயரை நியூட்ரலாக மாட்டி டிவியை ஓட வைக்கும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. டிவி ஓடும், சீரியலும் பார்க்கலாம். ஆனால் எர்த் குழி காய்ந்திருந்தால் அந்த வீட்டில் எர்த்தோடு சேர்ந்த ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் நிற்கும். ஈரக்கையோடு ஃப்ரிட்ஜைத் திறக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். சொந்தக்காரர் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

மக்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். மற்றது கம்பத்தின் மேல் இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே எழுதிவைத்தார்கள். 230க்கு அது 216 முதல் 244 வரை. அலுமினியக் கம்பியின் இணைப்பு வெயிலிலும் மழையிலும் ஆக்சைடு படிந்து தளர்வது எல்லா லைன்மேனுக்கும் தெரிந்ததுதான். குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு மழையிலும் கம்பம் ஏறும் அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மரக்கிளை வெட்டுவதற்கென்று மின்தடை செய்கிறார்களே, அதே நாளில் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த்தையும் கம்பத்து நியூட்ரல் இணைப்புகளையும் சோதித்து, தளர்ந்ததை மாற்ற மின்வாரியம் உத்தரவிட வேண்டும். எந்தக் கம்பம் எந்தத் தேதியில் பார்க்கப்பட்டது என்ற பட்டியலைப் பிரிவு அலுவலகத்தில் மக்கள் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டும். நியூட்ரல் போனதால் டிவி எரிந்த குடும்பத்துக்கு, அந்தப் பட்டியலை வைத்து இழப்பீடு கேட்கும் வழியும் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் வாசகர் ஒருவர்