மைதானச் சுவரில் உள்ள என் மகளின் படத்தை அழித்துத் தரக் கோரும் மனு (நான்காம் முறை)

நாள்: 08.12.2025

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: வியாசர்பாடி – விளையாட்டு மைதானத்தின் கிழக்குச் சுவர் – வெள்ளை அடித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: நான் 21.04.2025, 14.07.2025, 22.09.2025 ஆகிய நாட்களில் நேரில் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கணேசபுரம் சுரங்கப்பாதையைத் தாண்டி வரும் மைதானத்தைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். மழைக்குத் தண்ணீர் நின்றபோது தாங்களே பேண்ட்டை மடித்துக்கொண்டு வந்து பார்த்த இடம்தான். அதன் கிழக்குச் சுவரில், தண்ணீர் லாரி நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, ஆறடி உயரத்துக்கு ஒரு பெண்ணின் முகம் வரைந்திருக்கும். அவள் என் மகள். 400 மீட்டர் ஓடுகிறவள். அந்தப் படத்தை அழித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விவரம் பின்வருமாறு:

1. சென்ற ஆண்டு நவம்பரில் என் மகள் தேசிய அளவிலான போட்டி ஒன்றில் வெள்ளி வாங்கி வந்தாள். சென்ட்ரலில் இருந்து மேளத்தோடு அழைத்து வந்தார்கள். தெருப் பையன்கள் காசு போட்டு, பின்னால் மூவர்ணம், முன்னால் அவள் முகம் என்று சுவரில் வரைந்து, கீழே ‘இந்தியாவின் தங்க மகள்’ என்று எழுதினார்கள். வாங்கியது வெள்ளிதானே என்று கேட்டேன். “கெத்தா இருக்கட்டும் அங்கிள்” என்றார்கள். எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. சந்தோஷத்தில் நாங்களும் தடுக்கவில்லை. அது எங்கள் தவறு என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

2. இந்த ஜனவரியில் போகிப் புகை அவளுக்கு இருமலாக இறங்கிவிட்டது. இரண்டு இரவு தூங்கவில்லை. தெருமுனை மெடிக்கலில் சிரப் வாங்கி வந்து, மூடியில் ஊற்றிக் கொடுத்தவன் நான். அதில் டெர்பியூட்டலின் இருப்பதாக லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து அது, ஓடுகிறவர்களுக்குத் தடை செய்யப்பட்டது. அச்சகத்தில் முப்பது வருஷமாக பைண்டிங் வேலை பார்க்கிறேன். அதைவிடப் பொடியான எழுத்தையெல்லாம் படித்துப் பழகிய கண் எனக்கு. அன்றைக்குப் படிக்கவில்லை. மாதக் கடைசியில் ஒரு போட்டி. ஓடி முடித்ததும் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். மார்ச் நடுவில் கடிதம் வந்தது. உடம்பில் எது இருந்தாலும் ஓடுகிறவரே பொறுப்பு என்பது விதி. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க மட்டும்தான் உதவும். மருந்து பில்லைக் காட்டினோம். ஓராண்டுத் தடை விதித்தார்கள். அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை ஏதுமில்லை. அது தங்கள் இலாகாவும் இல்லை.

3. சுவர்தான் தங்கள் இலாகா. செய்தி வெளிவந்த மறுநாள் காலையில் படத்தின் கண் இரண்டும் சுரண்டப்பட்டிருந்தன. அடுத்த வாரம் கையில் கரியால் ஓர் ஊசி வரைந்தார்கள். சிரப் குடித்தவளுக்கு எதற்கு ஊசி என்று யாரிடம் போய்க் கேட்பது? ‘தங்க மகள்’ என்று இருந்த இடத்தில் ‘துரோகி’ வந்தது. அப்புறம் வெற்றிலைச் சாறு, மாவா எச்சில், இரவில் சிறுநீர். தண்ணீர் லாரி காலை ஆறரைக்கு வருகிறது. என் மனைவி குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, பெற்ற மகளின் முகத்தில் எச்சில் வழிவதைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் நிற்கிறாள். பிடித்த தண்ணீரில் அரைக் குடத்தைத் தினமும் அந்தச் சுவரில் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள். மறுநாள் மறுபடி அதேதான். மைதானத்துச் சின்னப் பிள்ளைகள் என் மகளை ‘ஊசி அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சுவரில் பார்த்ததைச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஸ்டார்ட் எடுக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இப்போது அவள் மைதானப் பக்கம் போவதில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் மொட்டை மாடியில், கீழ்வீட்டாருக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று வெறுங்காலோடு, கயிறு இல்லாமலே ஸ்கிப்பிங் குதிக்கிறாள். கை மட்டும் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிற மனு இது ஐயா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகத்துக்குப் பின்னால் இருப்பது மூவர்ணம். எச்சில் அதன் மேலும்தான் வழிகிறது. கேட்டால், தேசத்தின் மானம் போன ஆத்திரத்தில் துப்புகிறார்களாம்.

4. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, ‘தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது’ என்று செல்போனுக்குச் செய்தி வந்தது. என்ன முடித்தார்கள் என்று போய்ப் பார்த்தேன். பணியாளர்கள் இருவர் வந்து, சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டர்களைக் கிழித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐயா, அந்தப் போஸ்டர்தான் பத்து நாளாக அவள் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது! மூன்றாவது மனு கொடுத்தபோது, நானே அழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அரசுச் சுவரில் கை வைத்தால் வழக்கு வரும் என்றார் அங்கிருந்தவர். பொதுச் சுவரை அசிங்கப்படுத்துவதற்கு எதிராக 1959ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. துப்புகிறவன் மேல் வராத வழக்கு, வெள்ளை அடிக்கிறவன் மேல் வருமா?

5. ஊக்கமருந்து போட்டு ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2022இல் நம் நாட்டில் எடுத்த 3,865 மாதிரிகளில் 125இல் தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததாக உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் கணக்கு சொல்கிறது. 2023இல் டெல்லி மாநிலப் போட்டிக்குச் சோதனைக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். வெட்கக்கேடுதான். ஆனால் கோபத்திலும் ஆள் பார்க்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. 2019இல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவின் மாதிரியில் இருந்ததும் இதே டெர்பியூட்டலின்தான். அவரும் இருமல் சிரப் என்றுதான் சொன்னார். எட்டு மாதத் தடை. அன்று எங்கள் தெரு டீக்கடையில், “பாவம், சின்னப் பையன், இருமலுக்குக் குடிச்சிருக்கான்” என்றார்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே ஆட்கள் இன்று என் மகளைத் துரோகி என்கிறார்கள். அதே வருஷம் தோகாவில் 800 மீட்டரில் தங்கம் வாங்கிய திருச்சிப் பெண் கோமதிக்காக இந்தக் கடையில் இலவசமாக டீ கொடுத்தார்கள். 2020இல் அவருக்கு நான்காண்டுத் தடை என்று செய்தி வந்தபோது, அவர் யார் என்றே தெரியாதது போல பேப்பரைத் திருப்பினார்கள். போன மாதம் 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்ததிலிருந்து மறுபடி தேசப் பெருமைப் பேச்சு. பதக்கம் வந்தால் நம்ம பொண்ணு. சிக்கல் வந்தால் அந்த பைண்டிங்காரர் பொண்ணு.

6. மற்றவர்களை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. 1988இல் எனக்குப் பதினைந்து வயது. சியோல் ஒலிம்பிக் 100 மீட்டரில் கனடாவின் பென் ஜான்சன் 9.79 வினாடியில் ஓடிய படத்தை வெட்டி நோட்டில் ஒட்டினேன். மூன்றாம் நாள் அவர் ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்ட செய்தி வந்தது. நானே அதைக் கிழித்து, மிதித்து, சாக்கடையில் போட்டேன். அவருக்கும் வீடு இருக்கும், அம்மா இருப்பார் என்று தோன்றவே இல்லை. ஆனால் நான் மிதித்தது ஒரு காகிதம் ஐயா. அது அவர் வீட்டு வாசலில் இல்லை.

7. ஆகவே, சுவருக்கு வெள்ளை அடித்துத் தாருங்கள்.

8. ஆள் இல்லை, நிதி இல்லை என்றால் சுண்ணாம்பு, பக்கெட், பிரஷ், ஏணி எல்லாம் என் செலவு. நானே அடிக்கிறேன். வழக்கு வராது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், போதும்.

9. அழித்த இடத்தில் வேறு யாருடைய முகத்தையும் வரைய அனுமதிக்க வேண்டாம். அடுத்து ஒரு பிள்ளை ஜெயித்து வருவான். அவன் வீட்டாரும் அதே லாரிக்குத்தான் தண்ணீர் பிடிக்க வருவார்கள்.

தடை மார்ச் நடுவில் முடிகிறது. முடிவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அணியோடு சேர்ந்து பயிற்சி எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. கணக்குப் பார்த்தால் சரியாகப் பொங்கல். அன்று காலை அவள் ஸ்பைக்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டிய வழியும் அந்தச் சுவரை ஒட்டித்தான். வேறு வழி இல்லை என்பது தங்களுக்கே தெரியும்.

பொங்கலுக்கு ஊரில் எல்லா வீட்டுக்கும் வெள்ளை அடிப்பார்கள். அதோடு அந்தச் சுவருக்கும் அடித்துவிடச் சொல்லுங்கள் ஐயா. மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சுவரில் இருக்கும் பெண்ணின் தகப்பன்