ஆயாம்மா சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டாம்: எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாக்களுக்கு, எத்தனை பிள்ளையானாலும், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் யாரும் தரக்கூடாதாம். ஓசூரில் சிப்காட்டுக்கும் அத்திப்பள்ளி தாண்டியும் வேலைக்கு ஓடுகிற நம் வீடுகளில் மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். வீட்டுக்கடன் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் இந்தத் தீர்மானம் தவறு. தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

எங்கள் மாடியில் மூன்று வீட்டுப் பிள்ளைகளை ஒரே ஆயாம்மா பார்த்துக்கொள்கிறார். என் மகளுக்கு இரண்டு வயது. எதிர்வீட்டுப் பையனுக்குப் பத்து மாதம். இன்னொருவன் மூன்றரை வயதுச் சுட்டி. கெலமங்கலம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, காலை 8 முதல் மாலை 6 வரை இருக்கிறார்.

போன மாதம் ஒருநாள் மெஷின் பழுதாகி எங்களைப் பாதியில் அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஆயாம்மா காலை நீட்டி உட்கார்ந்து, கைக்குழந்தையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். என் மகள் அவர் தோளில் சாய்ந்து, மூக்கு ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியவன் பாத்ரூமிலிருந்து "ஆயா, முடிஞ்சுது" என்று கத்துகிறான். இவரால் எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நான் போய் அவனைக் கழுவிவிட்டு வந்த பிறகுதான் அவர் டிபன் டப்பாவைத் திறந்தார். காலையில் கொண்டுவந்த ராகிக் களி, மேலே காய்ந்து வெடித்திருந்தது.

ஒரு பிள்ளை தூங்கினால் ஆயாவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். மூன்று பிள்ளை இருந்தால் அந்த ஓய்வு கிடையாது, ஒன்று தூங்கும்போது இன்னொன்று விழித்திருக்கும். "ஒரே இடத்தில் உட்கார்ந்துதானே பார்க்கிறார்" என்று கூட்டத்தில் சொன்னவர்கள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் வைத்துப் பார்க்கட்டும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். மாதம் 26 நாள், நாளுக்கு 10 மணி நேரம், மொத்தம் 260 மணி. 10,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு 38 ரூபாய் சொச்சம், ஒரு பிள்ளைக்குப் பதின்மூன்று ரூபாய்கூட வராது. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 2018-இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியும் மணிக்கு நாற்பதைத் தொடவில்லை. ஆனால் இதற்குக் கீழே போகாதே என்று அரசு சொன்னது. அதற்கு மேலே போகாதே என்று நாம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம்.

டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்தானே என்றும் ஒருவர் கேட்டாராம். அந்தச் சலுகை ஆயாம்மாவுக்காக அரசு கொடுத்தது. அதை நம் பக்கம் கழித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

நாங்கள் மூன்று வீடும் பேசி, வீட்டுக்கு 7,000 என்று முடிவு செய்திருக்கிறோம். தனியாக ஆள் வைத்தால் ஆகும் செலவைவிட நமக்கும் இது குறைவு, அவருக்கும் 21,000 வரும். கூட்டாக வைப்பதில் மிச்சமாகும் பணம் முழுவதும் நம் பைக்கே போவது நியாயமில்லை. நெரிசலில் மாட்டி ஆறரை, ஏழு என்று வந்தால் அந்த நேரத்துக்குத் தனியாகத் தருவோம். ஒரு வீடு ஊருக்குப் போனாலும் அதன் பங்கு நிற்காது. நான்காவது பிள்ளையை எவ்வளவு கொடுத்தாலும் சேர்க்கப்போவதில்லை, அது பிள்ளைகளுக்கே ஆபத்து.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வீட்டுவேலைத் தொழிலாளர் நல வாரியம் 2007-இலிருந்து இருக்கிறது. நம் குடியிருப்புக்கு வரும் ஆயாக்களில் யாரெல்லாம் அதில் பதிந்திருக்கிறார்கள் என்று சங்கம் இதுவரை கேட்டதே இல்லை. பதிவு செய்ய உதவுங்கள், விண்ணப்பம் நிரப்பித் தர நான் வருகிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் திரும்ப எடுக்கும்போது ஆயாக்களையும் கூப்பிடுங்கள். அன்று அவர்கள் பேசி முடிக்கும்வரை பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி அம்மா ஒருத்தி