2021 மே மாத மரணங்களை ஆராயுங்கள்: தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், சட்டமன்றத்தில் எந்த வரிசையில் அமர்ந்திருந்தாலும் அதன் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொரோனா இரண்டாம் அலையின்போது நம் அரசு மருத்துவமனைகளில் என்ன நடந்தது என்பதை ஆராய்ந்து, கண்டதை மக்கள் முன் வைக்கக்கூடிய சுயேச்சையான குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். அரசுப் பணியில் மயக்கவியல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா வார்டில் பணியில் இருந்தேன். அந்த வாரங்களைப் பற்றித் தொலைக்காட்சி விவாதங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் அரசு முத்திரையுடன், யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய ஓர் அறிக்கை இன்றுவரை நம்மிடம் இல்லை.

முதலில் ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் மே 2 அன்று வெளியாயின. புதிய அரசு மே 7 அன்று பொறுப்பேற்றது. இடையில், மே 4 இரவு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 நோயாளிகள் உயிரிழந்தனர். ஆக்சிஜன் கிடைக்காமல்தான் இறந்தார்கள் என்று உறவினர்கள் கதறினார்கள். கையிருப்பில் குறைவில்லை என்றும், இறந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்று உறுதி செய்யப்படவில்லை என்றும் அதிகாரிகள் விளக்கம் அளித்தார்கள். சில நாட்களில், புதிதாகப் பொறுப்பேற்ற முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், தமிழ்நாட்டின் அன்றாட ஆக்சிஜன் பயன்பாடு 440 டன்னாக இருக்கையில் ஒதுக்கீடு 220 டன் மட்டுமே என்று சுட்டிக்காட்டியதோடு, ஆக்சிஜன் கிடைப்பதில் இருந்த சிக்கலால் செங்கல்பட்டில் 13 பேர் இறந்ததையும் குறிப்பிட்டார். அதன் பிறகே ஒதுக்கீடு 419 டன்னாக உயர்த்தப்பட்டது.

அதே ஆண்டு ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் மத்திய அரசு அளித்த பதிலை இதன் அருகே வைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணம் என்று எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்றது அந்தப் பதில். கூடுதல் ஆக்சிஜன் கேட்டு எழுதப்பட்ட கடிதத்தில் இருந்த 13 பேர், இறப்பின் காரணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் இல்லாமல் போனார்கள். கடிதத்தில் சொன்னது சரியா, மருத்துவமனை சொன்னது சரியா என்பதை அரசு இன்றுவரை தீர்த்துச் சொல்லவில்லை. பதவி விலகிய அரசின் கடைசி நாட்களுக்கும் வரவிருந்த அரசின் முதல் நாளுக்கும் நடுவே நேர்ந்த மரணங்கள் அவை. அதனாலேயே இரண்டு தரப்பினருக்கும் அவற்றைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும் கட்டாயம் ஏற்படவில்லை. இந்த மடலை ஆளுங்கட்சிக்கு மட்டுமின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் எழுதுவதன் காரணம் இதுதான்.

‘ஆக்சிஜன் இருந்தது’ என்று அதிகாரிகள் சொன்னதும் ‘ஆக்சிஜன் வரவில்லை’ என்று உறவினர்கள் சொன்னதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத் துறை சார்ந்தவன் என்ற முறையில் இங்கே விளக்க விரும்புகிறேன். மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் டேங்கில் ஆக்சிஜன் திரவ நிலையில் இருக்கிறது. அது ஆவியாக்கியின் வழியே வாயுவாக மாறி, குறிப்பிட்ட அழுத்தத்தில் குழாய்களில் ஓடி, படுக்கைக்கு மேலே சுவரில் உள்ள முனையை வந்தடைய வேண்டும். சாதாரண மூக்குக் குழாயில் ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் போதும். ஆக்சிஜன் முகக்கவசம் என்றால் 10 முதல் 15 லிட்டர். இரண்டாம் அலையில் நாங்கள் பெரிதும் நம்பிய ‘ஹை ஃப்ளோ’ கருவியோ நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். அறுவை அரங்குகளையும் சில தீவிர சிகிச்சைப் படுக்கைகளையும் மனத்தில் கொண்டு அமைத்த குழாய்களில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கியபோது டேங்க் எதிர்பாராத வேகத்தில் காலியானது. அளவுக்கு மீறிய ஓட்டத்தால் ஆவியாக்கியின் மேல் பனி படிந்து, வாயுவாக மாறும் வேகமே குறைந்துவிடும். அப்போது டேங்கில் திரவம் இருந்தும் குழாயின் கடைசி முனையில் அழுத்தம் விழும். அந்த முனையில் படுத்திருப்பவரின் விரலில் மாட்டிய கருவி காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவு 88, 80, 72 என்று இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடி வந்த பணியாளர்கள் சில நேரங்களில் பிந்திவிட்டார்கள். நான் பணியாற்றிய மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இது எங்கள் மருத்துவமனைக்கு மட்டும் உரிய கதை அன்று.

எனவே ‘தட்டுப்பாடு இருந்ததா, இல்லையா’ என்ற கேள்வியிலேயே நின்றுவிட்ட பொது விவாதம் எதையும் வெளிக்கொண்டு வராது. எந்த மருத்துவமனையில் எந்த நேரத்தில் குழாய் அழுத்தம் விழுந்தது, எத்தனை நிமிடம் விழுந்தது, அப்போது எத்தனை நோயாளிகள் அதில் இணைக்கப்பட்டிருந்தார்கள், டேங்கர் எப்போது கேட்கப்பட்டு எப்போது வந்தது என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். இவற்றுக்கான விடைகள் டேங்க் நிரப்பிய பதிவேடுகளிலும், செவிலியர்கள் மணிக்கு மணி குறித்து வைத்த கேஸ் ஷீட்டுகள் எனும் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்பேடுகளிலும், அதிகாரிகள் நள்ளிரவில் பரிமாறிக்கொண்ட செய்திகளிலும் இருக்கின்றன.

எச்சரிக்கை இல்லாமல் வந்த பேரிடர் என்றும் இதைச் சொல்ல முடியவில்லை. மருத்துவ ஆக்சிஜன் போதிய அளவில் உற்பத்தியாக வேண்டும், அதன் விலை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2020 நவம்பரிலேயே அறிக்கை அளித்தது. அரசு மருத்துவமனைகளில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் 162 நிலையங்களை அமைக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்திருந்தது. 2021 ஏப்ரல் நடுப்பகுதியில் அவற்றில் 33 மட்டுமே நிறுவப்பட்டிருந்தன. தூத்துக்குடியில் மக்கள் எதிர்ப்பால் மூடப்பட்ட ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்கலாமா என்று ஏப்ரல் 26 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டி முடிவெடுக்கும் நிலைக்கு நாம் வந்தோம். 2018 மே மாதத்தில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஓர் ஊரின் மனத்துக்கு அது எத்தனை பெரிய சோதனையாக இருந்திருக்கும்!

கொரோனா நோயாளிகளுக்கு ஊசியில் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்தின் விற்பனையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும் பிறகு நேரு விளையாட்டரங்கத்திலும் அரசே கவுண்டர் திறந்து அந்த மருந்தை விற்றது. நோயாளியை ஆம்புலன்சிலோ தனியார் மருத்துவமனையிலோ விட்டுவிட்டு, பிள்ளைகள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். தொற்று பரவுவதற்கு அந்த வரிசையைவிட வசதியான இடம் இருந்திருக்காது. உயிரிழப்பைக் குறைப்பதற்குச் சான்று போதாது என்பதால் மருத்துவமனையில் உள்ளவர்களுக்கு அம்மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே கூறியிருந்தது. பின்னர் சில வகை நோயாளிகள் குறித்து அது தன் நிலையை மாற்றிக்கொண்டது என்பதும் உண்மையே. ஆயினும் அந்த மே மாதத்தில் மக்களிடம் அதை யார் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்? மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த மருத்துவர்களும், விற்ற துறையும், உயிர் காக்கும் மருந்து என்றே எழுதிய ஊடகங்களும் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நல்லவையும் நடந்தன. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியான உச்ச நிலையில்கூட நம் மாநிலம் ஆர்டி-பிசிஆர் பரிசோதனையையே பற்றி நின்றது. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தபின், நோயாளியை வண்டியிலேயே காக்க வைக்காமல் உடனே ஆக்சிஜன் கொடுக்கும் வார்டுகள் அமைக்கப்பட்டன. 104 எண்ணில் இயங்கிய கட்டளை மையம் படுக்கை தேடி அலைந்த குடும்பங்களுக்கு உதவியது. இவற்றில் எது உண்மையில் உயிர்களைக் காத்தது என்பதையும் ஆராய்ந்தால்தான் அடுத்த முறை முதல் நாளிலேயே அதைச் செய்ய முடியும்.

இனி எண்ணிக்கையைப் பற்றி. விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலையில் இதே துறை தானாக ஆராய்ந்து கணக்கில் சேர்த்தது. அந்த நேர்மையை நான் மறக்கவில்லை. இரண்டாம் அலைக்கு அப்படியொரு முழுமையான மறு ஆய்வு வெளிவரவில்லை. நாடு முழுவதும் பதிவான மரணங்கள் 2020இல் சுமார் 81 லட்சமாக இருந்து 2021இல் ஒரு கோடியே 2 லட்சமாக உயர்ந்ததைக் குடிமைப் பதிவுக் கணக்கு காட்டுகிறது. அந்த ஆண்டுக்குரிய அதிகாரப்பூர்வ கொரோனா மரணங்களோ சுமார் 3.3 லட்சம். பதிவு செய்யும் பழக்கம் வளர்ந்ததும் இந்த உயர்வில் ஒரு பங்கு வகிக்கலாம் என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் மீதமுள்ள இடைவெளி மிகப் பெரியது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கான 50 ஆயிரம் ரூபாய் நிவாரணத்துக்காக உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தபோது, சுமார் 10 ஆயிரம் மரணங்களை மட்டுமே கணக்குக் காட்டிய குஜராத்தில் 89 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. நம் மாநிலத்திலும், பரிசோதனை முடிவு ‘நெகட்டிவ்’ என்று வந்து, சிடி ஸ்கேனில் நுரையீரல் வெளுத்துக் கிடந்து, சான்றிதழில் ‘நிமோனியா’ என்று மட்டும் எழுதப்பட்டு வீடு திரும்பிய உடல்கள் உண்டு. அத்தகைய சான்றிதழ்களில் நானும் கையொப்பமிட்டிருக்கிறேன். அன்றிருந்த விதிமுறை அதற்கு மேல் எழுத இடம் தரவில்லை.

விசாரணை என்றவுடன் கீழ்நிலைப் பணியாளர்களே பலியாவார்கள் என்ற அச்சம் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் இருக்கிறது. அது நியாயமான அச்சம். முதல் அலையில் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31க்குப் பிறகு பணி நீட்டிப்பு வழங்கப்படாமல், அவர்கள் சாலையில் அமர்ந்து போராட நேர்ந்ததை யாரும் மறந்துவிடவில்லை. மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது என்றாலும், உயிரைப் பணயம் வைத்தவர்களை நடத்த வேண்டிய முறை அதுவன்று. எனவே இந்தக் குழு குற்றவாளியைத் தேடும் குழுவாக இருக்கக் கூடாது. சாட்சி சொல்லும் பணியாளர் மீது துறை நடவடிக்கை எதுவும் எடுக்கப்படாது என்ற உறுதி அதன் ஆணையிலேயே இடம்பெற வேண்டும்.

இதற்கான முன்மாதிரி வெளிநாட்டில் மட்டும்தான் உண்டு என்று எண்ண வேண்டியதில்லை. ஸ்வீடனில் குழு அமைத்து 2022இல் இறுதி அறிக்கையே வந்துவிட்டது, பிரிட்டனில் பொது விசாரணை நடக்கிறது என்பவை ஒருபுறம் இருக்கட்டும். பிரசவத்தின்போது நேரும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியே ஆராயும் பழக்கத்தை இந்தத் துறையே 1990களிலிருந்து வளர்த்து வந்திருக்கிறது. வண்டி எப்போது வந்தது, ரத்தம் எப்போது கிடைத்தது, மேல்சிகிச்சைக்கு அனுப்பியதில் எங்கே தாமதம் என்று வீட்டிலிருந்து மருத்துவமனை வரை ஒவ்வொரு கட்டமாகக் கேட்கிறோம். 2018-20 காலக் கணக்கில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறக்க, தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்ததற்கு அந்தக் கேள்விகளும் ஒரு காரணம். மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களின் மரணத்தை ஆராய ஆணையம் அமைத்து, அதன் அறிக்கையை 2022 அக்டோபரில் சட்டமன்றத்திலும் வைத்தோம். ஒரு தலைவரின் மரணத்துக்குக் கிடைத்த அந்த உரிமை செங்கல்பட்டில் இறந்த 13 பேருக்கும் உண்டு.

ஆக்சிஜன் மரணங்களை மாநிலங்களுடன் இணைந்து தணிக்கை செய்யுமாறு நாடாளுமன்ற நிலைக்குழு 2022 செப்டம்பரிலேயே பரிந்துரைத்துவிட்டது. மத்திய அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தீவிர சிகிச்சை மருத்துவர், மருத்துவ வாயுப் பொறியாளர், மூத்த செவிலியர், மரணப் பதிவுகளில் தேர்ந்த புள்ளியியலாளர் ஆகியோரைக் கொண்டு, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில், எதிர்க்கட்சியின் ஒப்புதலும் பெற்று, அந்தக் குழுவை அமையுங்கள். அன்று அவசரமாக நிறுவிய ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்களில் எத்தனை இன்று இயங்குகின்றன என்பதையும் மருத்துவமனை வாரியாக அது வெளியிடட்டும்.

குழு அமைக்க நாளாகலாம். அதற்கு முன்பாக ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். மருத்துவமனை ஆவணங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழிப்பது வழக்கம். 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கேஸ் ஷீட்டுகள், ஆக்சிஜன் பதிவேடுகள், இறப்புப் பதிவேடுகள் எதையும் எந்த அரசு மருத்துவமனையும் அழிக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மயக்கவியல் மருத்துவர்