குளோரின் அளக்கத் தந்த பெட்டிக்கு நன்றி

கிணறு துப்புரவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

எந்த ஒழுங்கையில் எவ்வளவு வெள்ளம் நின்றது என்று யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வீட்டுச் சுவர்களில் ஈரம் காய முன்னரே இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, விடுதியொன்றில் நீச்சல் தடாகம் பராமரிக்கும் தம்பிக்கு. குளோரின் தூள் போதியளவு வந்து சேர்ந்தது. போட்டபின் தண்ணீரில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கத்தான் எங்களிடம் ஒன்றுமில்லை. மணந்து பார்த்துச் சொல்வதை நம்பிக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்க முடியுமா? யாரும் கேட்காமலே அவர் தன் பரிசோதனைப் பெட்டியுடன் சைக்கிளில் வந்து இறங்கினார். நீச்சல் தடாகத்துக்கான சிறிய பெட்டிதான்: நிற அட்டை பதித்த இரண்டு குழல்கள், இரண்டு வகை வில்லைகள். டி.பி.டி. 1 என்பது குளோரினுக்கு. பீனோல் ரெட் என்பது பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மை பார்க்க. இரண்டும் மாறினால் அளவு பிழைக்கும்.

பார்க்கும் முறையையும் அவரே காட்டித் தந்தார். சோதிக்கும் தண்ணீராலேயே குழலை அலச வேண்டும். 10 மில்லிலீற்றர் எடுத்து, வில்லையை விரலால் தொடாமல் உறையிலிருந்து நேரே குழலுக்குள் தள்ள வேண்டும். கரைந்தவுடனேயே பகல் வெளிச்சத்தில் இளஞ்சிவப்பை அட்டையோடு ஒப்பிட வேண்டும். சுணங்கினால் நிறம் ஏறி அளவு கூடக் காட்டும்.

அவர் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியவே வராத விடயம் வேறொன்று. "நிறமில்லாட்டி குளோரின் இல்லையெண்டு நினைக்காதேங்கோ அண்ணை. கணக்கக் கூடினாலும் நிறம் வெளிறிப் போகும்." கிணற்றில் மருந்து போட்ட நேரத்தில் அதுதான் நடக்கும், நிறமில்லாத குழலைப் பூச்சியம் என்று நம்பி இன்னொரு வாளி கரைசலையும் ஊற்றியிருப்போம். அதற்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீருடன் குளோரின் இல்லாத போத்தல் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, வரும் அளவைப் பத்தால் பெருக்க வேண்டும். ஊசி கழற்றிய சிறிஞ்சு ஒன்றும் பெட்டிக்குள் இருந்தது. மூடியின் உட்புறம் ஒட்டிய பிளாஸ்திரியில் பேனாவால் எழுதியிருந்தார்: "வெள்ளை = 0 இல்லை. கலந்து பார்."

பம்புகளை இரவல் தந்த கமக்காரர்களுக்கும், பவுசரில் குடிதண்ணீர் அனுப்பிய பிரதேச சபைக்கும், கட்டுச் சுவரைத் தும்புத் தூரிகையால் உரஞ்சிய விளையாட்டுக் கழகப் பொடியளுக்கும், வீடு வீடாகப் பட்டியல் எடுத்த மாதர் சங்கத்துக்கும், தூளின் கணக்கைப் போட்டுத் தந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சேர்த்து எங்கள் நன்றி. அந்தக் கணக்கைப் பலர் கேட்கிறார்கள்: 10 அடி விட்டமுள்ள கிணற்றில் 6 அடித் தண்ணீர் நின்றால், 30 வீதம் குளோரினுள்ள தூள் ஏறக்குறைய 900 கிராம். பிளாஸ்திக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஈரக் காற்றில் திறந்து கிடந்த பையென்றால் வீரியம் குறைந்திருக்கும், கணக்கும் பொய்க்கும். மறுநாள் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்கு இறங்கும்வரை இறைத்த பிறகே பாவிக்கலாம்.

நிலம் ஊறிக் கிடக்கும்போது அடி தெரிய ஒரேயடியாக இறைக்க வேண்டாம். வெளியிலுள்ள தண்ணீரின் அழுத்தம் கட்டுச் சுவரை உள்ளே தள்ளும். பக்கத்து மலசலகூடக் குழியின் கசிவும் கிணற்றை நோக்கி ஓடிவரும். பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவும் வேண்டாம், அதன் புகை ஆளைக் கொல்லும். இன்னொன்று: எங்கள் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒருமுறை போட்ட குளோரின் நிலைக்காது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை இப்போதைக்கு விடாதீர்கள்.

நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17 என்று 2015இல் ஐ.நா. வகுத்த பட்டியல் அலுவலகச் சுவர்களில் வண்ணச் சதுரங்களாகத் தொங்குகிறது. தூய நீர் 6ஆவது, பங்காண்மை 17ஆவது. எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாத ஒருவர் இரண்டையும் ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார் என்பது எங்கள் எண்ணம்.

அடுத்த மாரிக்கு முன் சனசமூக நிலையத்துக்கென்று இதேபோல ஒரு பெட்டி வாங்குவோம். வில்லைகளின் காலாவதித் திகதியை ஒவ்வொரு புரட்டாதியிலும் பார்த்து மாற்றுவோம். தம்பியின் பெட்டியைப் புதிய வில்லைகளோடு திருப்பிக் கொடுக்கிறோம்; மூடியிலுள்ள பிளாஸ்திரி வாசகத்தை மட்டும் படியெடுத்து வைத்துக்கொள்கிறோம்.

கிணறு துப்புரவுத் தொண்டர்கள்