கடலை மாடியேற்றியவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் வணக்கம்.

புது அடுக்ககத்தில் கடல்மீன் தொட்டி ஓடத் தொடங்கிவிட்டது. மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒரு பவளம் மட்டும் சற்று வாடி, இப்போது தேறி வருகிறது. கடல்நீர்த் தொட்டியை வீடு மாற்றுவதே வம்பு. அதோடு 200 லிட்டரை 400 ஆக்கவும் எனக்கு ஆசை. ஆசை என்னுடையது, முதுகு வலித்தது உங்களுக்கு. அதனால்தான் இந்த மடல்.

பொறியாளர் ஐயா, தொட்டி எவ்வளவு நீளம் என்று கேட்காமல் எவ்வளவு கனம் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். 400 லிட்டர் கடல்நீர் மட்டுமே 410 கிலோ. கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு, கீழே சம்ப் எனும் துணைத் தொட்டி எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டும். குடியிருப்புத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று போடுவது பரவலான பாரத்துக்கான கணக்கு, ஒரே இடத்தில் குவியும் பாரத்துக்கு அல்ல என்று விளக்கினீர்கள். வரைபடத்தை விரித்து, உத்தரம் ஓடும் சுவரோரத்தைக் காட்டினீர்கள். கீழ்வீட்டு அம்மா அன்றிலிருந்துதான் நிம்மதியாகத் தூங்குகிறாராம். அவர் சார்பிலும் நன்றி.

பவளம் வளர்க்கும் அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். எல்லாரும் பழைய தண்ணீரைக் கொண்டுவருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, "தண்ணில ஒண்ணும் இல்லப்பா, உசுரெல்லாம் கல்லுலதான். கல்லு காயாம பாத்துக்க" என்றீர்கள். மீன் கழிவில் உண்டாகும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் லைவ் ராக் எனப்படும் அந்தக் கல்லில் ஒட்டி வாழ்பவை. நீரில் மிதப்பவை சொற்பம். பழைய மணல் வேண்டவே வேண்டாம் என்ற கண்டிப்பும் உங்களுடையதே. நாள்பட்ட மணலைக் கிளறினால் அடியில் சேர்ந்த கசடோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் கிளம்பி மீனைக் கொன்றுவிடும். கடைசியில் அள்ளியபோது எழுந்த அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பிறகு யாரும் உங்களோடு வாதாடவில்லை.

கல்லை முதலில் எடு, நீரைப் பாதியாகக் குறை, அப்புறம் வலையைத் தொடு என்று வரிசை வகுத்ததும் நீங்கள்தான். ஒளிய இடமில்லாமல் மீன்கள் தாமாகவே வலைக்குள் வந்தன. பூப்போல விரியும் கடலுயிரான அனிமோனைப் பிய்க்காமல், அது பற்றியிருந்த கல்லோடு வாளியில் இறக்கி, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். புது இடத்தில் அது ஊர்ந்து திரியும், பம்ப்பில் சிக்கினால் கூழாகிவிடும் என்று உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்சும் மாட்டிவிட்டீர்கள். இரண்டாம் நாளே அது அந்த ஸ்பாஞ்சின் மேல் உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேனே, பார்த்தீர்களா?

பிளம்பர் அண்ணே, குழாயை ஒட்டியதும் நீங்கள் கிளம்பியிருக்கலாம். "கரண்ட் போனா எவ்வளவு தண்ணி எறங்கும்னு பாக்காம போக மாட்டேன்" என்று பம்ப்பை நிறுத்திக் காட்டினீர்கள். மேல் தொட்டியிலிருந்து நீர் குழாய் வழியே சைஃபனாகி, அதாவது தானே இழுபட்டு, சம்ப்புக்குள் இறங்கியபடியே இருந்தது. சம்ப் விளிம்பைத் தொட நாலு விரல்தான் பாக்கி. சம்ப்பிலிருந்து நீரை மேலே திருப்பி அனுப்பும் குழாயில், மேல் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டீர்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றது. மீன் வளர்த்துப் பழக்கமே இல்லை என்றவர் செய்த வேலை இது!

வயர்களைத் தொங்கவிட்டு வளைத்து, சொட்டும் நீர் பிளக்குக்கு ஓடாமல் செய்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும், ரசமட்டம் நேராகும்வரை ஸ்டாண்டுக்கு ஆப்பு வைத்துக்கொண்டே இருந்த மாமாவுக்கும், லிஃப்டில் அடங்காத கண்ணாடியைப் படியில் ஏற்றிய பிள்ளைகளுக்கும், அவர்களுக்காக வண்டிகளை ஒதுக்கிவிட்ட காவலாளி ஐயாவுக்கும் நன்றி.

என் மனைவிக்குத் தனியாக. உப்புக் கரைக்கும் பீப்பாய்க்குக் குளியலறையையே விட்டுக்கொடுத்தாள். ஹீட்டர் சூட்டில், உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 1.025 காட்டும்வரை அங்கே யாருக்கும் அனுமதியில்லை. முணுமுணுத்தாள்தான், ஆனால் பீப்பாயை நகர்த்தச் சொல்லவில்லை.

அம்மோனியா இன்றும் பூஜ்யம். புது விளக்கு பழையதைவிடக் கூர்மை என்பதால் குறைத்து வைத்து, மெல்ல ஏற்றி வருகிறேன். பவளக் கிளைகளைப் பிரிக்கும் அளவுக்கு வளர்ந்ததும், கேட்டு வைத்தவர்களுக்குக் கட்டாயம் உண்டு.

இரவல் தந்த டப்பாக்களும் வாளிகளும் மாடியில் காய்கின்றன. உப்புப் போகக் கழுவியாயிற்று. மூடிகள்தான் கலந்துவிட்டன, வந்து உங்களுடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.