உளவியல் மதிப்பீடு: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த வகுப்பாசிரியர்கள் சில மாணவர்களின் பெயர்களை என்னிடம் தந்திருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்டால் 'டாண் டாண்' என்று பதில் சொல்லும் பிள்ளை, பேனாவைக் கையில் எடுத்தால் அரைப் பக்கம் தாண்டுவதில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதியதிலேயே பாதி வரி விட்டுப்போயிருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உளவியல் மதிப்பீடு செய்து பார்க்கலாமே என்று உங்களில் சிலரிடம் சொல்லியிருந்தோம். மறுநாளே ஒரு தாய் வந்து, "டிசி கொடுக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டார். இன்னொரு வீட்டில், பெண் பிள்ளைக்கு இப்படி ஒரு காகிதம் இருந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்குமே என்று கவலைப்பட்டார்கள். அதனால்தான் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

டிசி கிடையாது. வகுப்பு மாற்றமும் கிடையாது. உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தச் சோதனையும் நடக்காது. அறிக்கை உங்களுடையது. அதன் நகலைப் பள்ளிக்குத் தந்தால் என் அலமாரியில்தான் இருக்கும். பாடம் நடத்தும் ஆசிரியருக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது மட்டும் போய்ச் சேரும்.

முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். பலகை சரியாகத் தெரியாத பிள்ளைக்கு ஞாபக சக்தி பார்த்துப் பயனில்லை. அப்புறம், ல, ள, ழ மாறிப்போவதை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். அது நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. 'கொக்கு' என்பதைக் காலை விட்டுவிட்டு 'கெக்கு' என்று எழுதுவது, புள்ளி வைத்த எழுத்தையும் வைக்காத எழுத்தையும் ஒன்றுபோல வாசிப்பது, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வது, இவை எட்டாம் வகுப்பிலும் தொடர்ந்தால்தான் நாங்கள் கவனிக்கிறோம்.

மதிப்பீட்டுக்குப் போனால் அங்கே என்ன நடக்கும்? உளவியலாளர்கள் முதலில் உங்களிடம்தான் பேசுவார்கள். பிறந்தவுடன் அழுததா, எப்போது நடந்தது, எப்போது பேசியது, வலிப்பு வந்ததுண்டா, வீட்டில் வேறு யாருக்காவது படிப்பதில் சிரமம் இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்பதில்லை. அப்பாவுக்குச் சின்ன வயதில் எழுத்து வரவில்லை என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அறிவு இருந்தும் வாசிக்க, எழுத, கணக்குப் போடத் தடுமாறுவதைத்தான் கற்றல் குறைபாடு என்கிறோம். அது குடும்ப வழியாகவும் வரக்கூடியது. பழைய நோட்டுகள், மதிப்பெண் அட்டை, மருந்துச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பிறகு பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பார்கள். வண்ணக் கட்டைகளை ஒரு படத்தில் உள்ளபடி அடுக்கச் சொல்வார்கள். சில எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், அடுத்து அதையே பின்னாலிருந்து. வாசிக்க, எழுத, கணக்குப் போட வைப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம்; பிள்ளை சோர்ந்துவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும். கதவிடுக்கில் எட்டிப் பார்த்துச் சைகை காட்டாதீர்கள்!

காலையில் வயிறாரச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். காய்ச்சல், சளி இருந்தால் தேதியைத் தள்ளிப்போடலாம். கண்ணாடி போடும் பிள்ளை கண்ணாடியோடு போகட்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. 'மூளை டெஸ்ட்', 'ஊசி போடுவாங்க' என்று யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். "ஒரு மேடம் உன்கூடப் பேசுவாங்க, கட்டை அடுக்கச் சொல்வாங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்" என்றால் போதும். கடையில் ஐக்யூ (அறிவுத்திறன் அளவு) புத்தகம் வாங்கிப் பயிற்சி கொடுப்பது வீண்வேலை. விடையை மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் உண்மையான சிரமம் மறைந்துபோகும்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது அந்த ஐக்யூ எண்ணைத்தான். சராசரி 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 90 முதல் 109 வரை சராசரிதான். பயந்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு எண் குறைவாக வரலாம். எண் குறைந்தால் மட்டும் அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவு கட்ட முடியாது. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறதா என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளில் பலருக்கு ஐக்யூ சராசரியாகவோ அதற்கு மேலோ இருக்கும். என்னைக் கேட்டால் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். வீட்டிலும் வகுப்பிலும் என்ன செய்ய வேண்டும் என்று அங்கேதான் எழுதியிருக்கும். புரியாததை அவர்களிடமே கேட்டுவிட்டு வாருங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்க வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்டுள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. உரிய அரசுச் சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கான காகிதங்கள் பல மேசைகளைத் தாண்டி வர வேண்டும். பிப்ரவரியில் ஓடிவந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள்.

எங்கே போவது என்பதற்கு, கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் உங்களுக்கு வழி சொல்வார். அரசு மருத்துவமனை வழியாகப் போனால் செலவில்லை, காத்திருக்க வேண்டிவரும். தனியார் உளவியலாளரிடம் போவதென்றால், அவர் இத்துறையினரைப் பதிவு செய்யும் மத்திய அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (ஆர்சிஐ) பதிவு செய்தவரா என்று கேட்டுப் பதிவெண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும்போல் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் 'சம்மதம்' அல்லது 'இப்போது வேண்டாம்' என்று குறித்து, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். 'வேண்டாம்' என்றாலும் எங்களுக்கு வருத்தமில்லை, மாலை வாசிப்பு வகுப்பு அந்தப் பிள்ளைக்கும் உண்டு. நேரில் பேச விரும்புகிறவர்கள் பள்ளி விட்டதும் என் அறைக்கு வரலாம். வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை காலை வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்